தூணை வைத்தவன் நான்

பேருந்துப் பணிமனையின் தலைக்குமேல் அலுவலக வளாகம் எழுப்புவது எப்படி என்று கல்லூரிகளில் பேசியிருக்கிறேன். திரையில் படங்கள் ஓடும். கீழே பேருந்துகள், அதற்கு மேல் கடைகள், கார் நிறுத்தும் தளங்கள், உச்சியில் கண்ணாடி போர்த்த அலுவலகங்கள். மாணவர்கள் கைதட்டுவார்கள். அந்தப் பேச்சில் நான் விட்டுவிடும் பகுதி ஒன்று உண்டு. அந்த வளாகத்தின் கீழ்த்தளத்தை நான் மனமறிந்து கெடுத்தேன். அனுபவம் போதவில்லை, அவசரப்படுத்தினார்கள், கவனம் சிதறிவிட்டது என்றெல்லாம் சாக்குச் சொல்ல எனக்கு வழியில்லை. தெரிந்தே செய்தேன். செய்ததை மூடிமறைக்க ஒரு கடிதமும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஊர்ப் பெயர் சொல்லப்போவதில்லை. சொன்னால் பழி ஊருக்கும் அந்த ஊரில் பேருந்து ஓட்டுகிறவர்களுக்கும் போய்ச் சேரும். தென்னிந்தியாவில் ஒரு பெரிய நகரம், அதன் நடுவே தலைமுறைக் கணக்கில் இயங்கிவரும் ஒரு டெப்போ. அவ்வளவு போதும்.

யோசனையில் எனக்கு இன்றும் குறை தெரியவில்லை. ஒரு காலத்தில் ஊருக்கு வெளியே, யாருக்கும் வேண்டாத நிலத்தில் போட்ட டெப்போக்கள் ஊர் வளர வளர நடுவூருக்கு வந்துவிட்டன. சுற்றிலும் நிலம் சதுர அடிக் கணக்கில் விலை போகிறது. டெப்போ மட்டும் தகரக் கூரையோடு தரையை ஒட்டிக் கிடக்கிறது. டிக்கெட் வருமானம் டீசலுக்கும் சம்பளத்துக்குமே பற்றுவதில்லை. கட்டணத்தை ஏற்றினால் ஏழை வயிற்றில் அடித்த பாவம். மேலே சும்மா கிடக்கும் ஆகாயத்தை வாடகைக்கு விட்டு, அந்தக் காசில் வண்டி ஓட்டலாம் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்?

இந்தக் கணக்கை முதலில் போட்டவர்களில் ஒருவர் வில்லியம் வில்கஸ். நியூயார்க் சென்ட்ரல் ரயில் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர். 1902 ஜனவரியில் பார்க் அவென்யூ சுரங்கப்பாதையில் புகை மண்டி, சிக்னல் தெரியாமல் ஒரு ரயில் முன்னால் நின்ற இன்னொரு ரயிலில் மோதியது. 15 பேர் இறந்தார்கள். நீராவி எஞ்சின் நகருக்குள் வரக்கூடாது என்று சட்டம் வந்தது. மின்சாரத்தில் ஓடும் ரயிலுக்குப் புகை இல்லை, புகை இல்லாத ரயிலுக்குத் திறந்த வானம் எதற்கு என்று கேட்டார் வில்கஸ். தண்டவாளங்களை மூடி, மேலே கட்டடம் கட்டும் உரிமையைக் குத்தகைக்கு விட்டால் மாற்றத்துக்கு ஆகும் செலவை அதிலேயே ஈட்டலாம் என்றார். 1913-இல் திறந்த கிராண்ட் சென்ட்ரல் நிலையமும் அதைச் சுற்றி எழுந்த கட்டடங்களும் அந்தக் கணக்கில் வந்தவை.

அங்கே முதலில் புகை போனது, அதன் பிறகுதான் கூரை வந்தது. இந்த வரிசையை நான் வகுப்பில் அழுத்திச் சொல்வேன். என் கட்டடத்தில் கூரை வந்தது. புகை இருந்த இடத்திலேயே இருந்தது.

டெண்டரில் போட்டிருந்த நிபந்தனைகளில் ஒன்று, இப்போது இரவில் நிற்கும் வண்டிகளில் ஒன்றுகூடக் குறையக் கூடாது என்பது. இன்னொன்று, வாடகைக்கு விடக்கூடிய பரப்பு எவ்வளவு கூடுமோ அவ்வளவு கூட வேண்டும் என்பது. இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும் நிபந்தனைகள். நான் இரண்டையும் நிறைவேற்றுவதாக எழுதிக் கொடுத்தேன். வேலை கிடைத்தது.

டெண்டருக்கு வரைய உட்கார்ந்ததுமே மேலிருந்து தொடங்கியிருந்தேன். எங்கள் தொழிலில் 8.4 மீட்டர் என்ற அளவை யாரும் யோசித்துப் போடுவதில்லை, கை தானாகப் போடும். தூணுக்குத் தூண் அந்த இடைவெளி இருந்தால் நடுவில் 3 கார்கள் நிற்கும். மேல் தளங்களில் மேசை வரிசைகள் பிசகில்லாமல் உட்காரும். உத்தரத்தின் ஆழம் மட்டுப்படும், கம்பியும் கான்கிரீட்டும் சிக்கனமாகப் போகும். அலுவலகத்துக்கு இதைவிட நல்ல அளவு கிடையாது. அந்தக் கட்டத்தை அப்படியே கீழே இறக்கிப் பணிமனைத் தரையில் குத்தினேன்.

நகரப் பேருந்து 12 மீட்டர் நீளம். உடலகலம் ஏறக்குறைய 2.6 மீட்டர், இரண்டு பக்கமும் துருத்தும் கண்ணாடிகளையும் சேர்த்தால் 3 மீட்டர். திரும்புவதற்கு வெளிவட்டத்தில் 12.5 மீட்டர் ஆரம் தேவைப்படும். நின்ற இடத்தில் நிற்கும் பேருந்துக்கு 8.4 மீட்டர் இடைவெளி தாராளம், இரண்டு வண்டி நிற்கும். திரும்புகிற பேருந்துக்கு அது போதாது. டெப்போவில் இரவு வரும் ஒவ்வொரு வண்டியும் டீசல் பங்க்குக்கு ஒரு திருப்பம், தண்ணீர் அடிக்கும் இடத்துக்கு ஒரு திருப்பம், நிற்கும் வரிசைக்கு ஒரு திருப்பம் என்று திரும்பிக்கொண்டே இருக்கும். டெப்போவின் வேலையே பாதி திருப்பம்தான்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. மேலிருந்து வரும் தூண்களைப் பணிமனையின் கூரை மட்டத்திலேயே நிறுத்தி, பெரிய தாங்கு உத்தரங்களின் மேல் ஏற்றி, கீழே அகலமான இடைவெளியில் சில தூண்களை மட்டும் இறக்கலாம். டிரான்ஸ்ஃபர் கர்டர் என்போம். ஓர் ஆள் உயரத்துக்கு மேல் ஆழமுள்ள உத்தரங்கள், கம்பி அதிகம், செலவு அதிகம், கட்டி முடிக்கக் கூடுதல் மாதங்கள். எங்கள் ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்ட் போனில் கேட்டார், "ஃபுல்லா டிரான்ஸ்ஃபர் போட்டுரலாமா?" என்று. "நடுப்பாதைக்கு மட்டும் போடுங்க, மத்ததெல்லாம் நேரா இறக்கிடுங்க" என்றேன். வாடிக்கையாளரிடம் வைத்த ஒப்பீட்டுத் தாளில் மூன்று தேர்வுகள் இருந்தன. முழு டிரான்ஸ்ஃபர் அதில் இல்லை. வேண்டாம் என்று முடிவெடுக்கும் வாய்ப்பைக்கூட நான் அவர்களுக்குத் தரவில்லை.

மன்ஹாட்டனின் மேற்குப் பக்கத்தில் லாங் ஐலண்ட் ரயில்களை நிறுத்தும் யார்டை 1980-களில் அமைத்தபோது, என்றைக்காவது மேலே கட்டடம் வரும் என்று தண்டவாளங்களுக்கு நடுவே தூண்களுக்கு இடம் விட்டுவைத்தார்கள். ஹட்சன் யார்ட்ஸ் வளாகம் அந்த யார்டின் மேல் எழும்பி 2019-இல் திறந்தது. ஏறக்குறைய 30 ஆண்டுகள் அந்த இடைவெளி காத்துக் கிடந்தது. அங்கே ரயிலை முதலில் வரைந்து, மிச்ச இடத்தில் தூணை நிறுத்தினார்கள். நான் தூணை முதலில் வரைந்து, மிச்ச இடத்தில் பேருந்தை விட்டேன்.

நடுப்பாதைக்கு மட்டும் டிரான்ஸ்ஃபர் போட்டதில் ஒரு தூண் அகப்படாமல் நின்றுவிட்டது. வரைபடத்தில் அதன் பெயர் சி-7. வாசலுக்குள் நுழைந்து இடதுபக்கம் வளையும் இடத்தில், பாதையின் ஓரத்தில். 900 மில்லிமீட்டர் விட்டம். அதன் தலையில் அலுவலக லாபியின் லிஃப்ட் சுவர் உட்கார்ந்திருந்தது. சி-7-ஐ நகர்த்த வேண்டுமானால் லாபியை நகர்த்த வேண்டும். இரட்டை மாடி உயரமும், பின்னால் ஒரு கல் சுவரும், அதில் மேலிருந்து விழும் வெளிச்சமுமாக அந்த லாபியை நான் ஆசை ஆசையாக வரைந்திருந்தேன்.

வரைபடங்களை மேசையில் விரித்த கூட்டத்தில் எல்லாரும் முகப்புப் படத்தைச் சுற்றி நின்றார்கள். இரவில் விளக்கு எரிவது போல அதைத் தயாரித்திருந்தோம். கடைசி நாற்காலியில் இருந்த டெப்போ ஃபோர்மேன் மட்டும் கீழ்த்தள வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். அந்த மூடியை வாசலில் வைத்து, வண்டி போல மெல்லத் தள்ளிக்கொண்டே உள்ளே வந்தார். சி-7 பக்கத்தில் வந்ததும் மூடியை வளைத்தார். அதன் பின்முனை, நான் போட்டிருந்த கறுப்பு வட்டத்தின் மேல் ஏறி நின்றது.

"சார், இங்க வளைச்சா மூஞ்சி தப்பிச்சிரும். வால் வெளிய வீசும். தூண்ல தேய்க்கும் சார்."

"டர்னிங் எல்லாம் பார்த்துத்தான் போட்டிருக்கோம் அண்ணே."

"பார்த்திருப்பீங்க சார். ஆனா வண்டி ராத்திரி 11 மணிக்கு உள்ள வரும். வெளிய ரோட்டு லைட்டுல இருந்து திடீர்னு இருட்டுக்குள்ள நுழையணும். மழை பெஞ்சா ஈர டயரோட வருவான். பின்னாடி நாலு வண்டி நின்னுக்கிட்டு ஹாரன் அடிப்பான்."

"சாஃப்ட்வேர்ல ஓட்டிக் காட்டுறேன் அண்ணே. அடுத்த மீட்டிங்ல பாருங்க."

"சரி சார், ஓட்டிக் காட்டுங்க" என்று மூடியைப் பேனாவில் மாட்டிக்கொண்டார்.

அவர் சொன்னது சரி என்பது எனக்கு அந்த நிமிடமே தெரியும். பேருந்தின் பின்சக்கரத்துக்குப் பின்னால் 3 மீட்டருக்கு மேல் உடல் நீண்டிருக்கும். முன்பக்கம் இடதில் வளையும்போது அந்தப் பின்பகுதி வலதில் வெளியே வீசும். ஓட்டுநர் கவனமெல்லாம் முன்னால் இடது ஓரத்தில் இருக்கும் நேரத்தில் வலது பின்மூலை போய் முட்டும். படிப்பில் இரண்டாம் ஆண்டே சொல்லிக் கொடுப்பது இது.

அலுவலகத்துக்குப் போய்க் கணினியில் ஓட்டிப் பார்த்தோம். வழக்கமான அமைப்பில் பின்மூலையின் கோடு தூணைத் தொட்டது. என்னிடம் வேலை செய்த இளம் பெண், "சார், இடிக்குது" என்றாள். பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். வண்டியின் வேகத்தை ஊர்வதற்கும் கீழே இறக்கினேன். நின்ற இடத்திலேயே ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பலாம் என்ற தேர்வைப் போட்டேன். கண்ணாடிகளைக் கணக்கிலிருந்து எடுத்தேன். வண்டி நுழையும் கோணத்தைக் கொஞ்சம் சாய்த்தேன். கடைசியில் ஓர் உள்ளங்கை அகலத்தில் தூணை விட்டுக் கோடு விலகிப் போனது. அந்தக் கோட்டைப் பச்சை நிறத்தில் அச்சடித்து அடுத்த கூட்டத்தில் வைத்தோம். ஃபோர்மேன் வந்திருந்தார். தாளைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் தயாராக வைத்திருந்தேன்.

அந்தப் பெண் பிறகு வேறு வேலைக்குப் போய்விட்டாள். அவள் என்னிடம் கற்றுக்கொண்டு போனவற்றில் இதுவும் ஒன்று என்பதை நினைக்கும்போது கூசுகிறது.

அடுத்தது புகை. கனரக வண்டிகளின் பிரேக் காற்றழுத்தத்தில் இயங்குவது. இரவு முழுக்க நின்ற வண்டியின் டேங்கில் காற்று இறங்கியிருக்கும். எஞ்சினைப் போட்டு, கம்ப்ரசர் ஓடி, டயலில் முள் ஏறி, எச்சரிக்கைச் சத்தம் நிற்கும்வரை வண்டியை எடுக்க முடியாது. "ஏர் ஏறட்டும்" என்று ஓட்டுநர் டீ குடிக்கப் போவது அந்த நேரத்தில்தான். காலை 4 மணிக்கு முதல் ஷிப்ட் வண்டிகள் வெளியே போக வேண்டும். டெப்போவில் வண்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக, கிளம்பும் வரிசைப்படி ஒட்டி நிறுத்தியிருப்பார்கள். ஆகவே நாலு மணிக்கு முன்னால் ஒரே நேரத்தில் வரிசை வரிசையாகக் குளிர்ந்த எஞ்சின்கள் உறுமிக்கொண்டு நிற்கும். டீசல் எஞ்சின் அதிகமாகப் புகைவதும் அப்போதுதான்.

பழைய டெப்போவுக்கு நான்கு பக்கமும் திறப்பு. தகரக் கூரையின் உச்சியில் இடைவெளி. புகை தன்பாட்டில் போய்விடும். நான் தெருவைப் பார்த்த பக்கம் முழுக்கக் கடை வைத்தேன், தெருக் கடைக்குத்தான் வாடகை. பக்கவாட்டில் ஒரு பக்கம் கார் ஏறும் சாய்தளம், இன்னொரு பக்கம் டிரான்ஸ்ஃபார்மர் அறையும் ஜெனரேட்டர் அறையும். மிச்சம் இருந்தது வாசல். காற்றோட்டத்துக்கு விசிறிகள் போட்டோம். ஆனால் கணக்கை நாள் முழுவதுக்குமான சராசரிப் போக்குவரத்தில் போட்டோம். அந்த அரைமணி நேர உச்சத்தில் போட்டிருந்தால் விசிறியும் குழாயும் அவற்றுக்கான அறைகளும் பெருத்து, ஒரு வரிசைக் கடையை விழுங்கியிருக்கும். போதாக்குறைக்கு ஆழமான உத்தரங்கள் கூரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்துவிட்டன. சூடான புகை மேலே போய் அந்தக் கட்டங்களுக்குள் தங்கும். உறிஞ்சும் குழாயின் வாய் அதற்குக் கீழே.

2012 ஜூனில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை டீசல் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் சேர்த்தது. நான் இந்த வரைபடத்தில் கையெழுத்துப் போட்டது அதற்குப் பிறகு.

புகையைப் பற்றி முதலில் புகார் செய்தவர்கள் மேல்தளத்துக்காரர்கள். லிஃப்ட் குழி வழியாக டீசல் வாடை மேலே ஏறுகிறது என்று மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல். நடவடிக்கை உடனே வந்தது. வண்டிகளை மொத்தமாக ஸ்டார்ட் செய்யக் கூடாது, சிறு சிறு தொகுதியாகத்தான் செய்ய வேண்டும் என்று டெப்போவில் சுற்றறிக்கை ஒட்டினார்கள். ஏர் ஏற ஆகும் நேரத்தைச் சுற்றறிக்கை குறைக்க முடியுமா? முதல் நடைகள் தாமதமாயின. அந்த நேரத்து வண்டிக்கு நிற்பவர்கள் பூ மார்க்கெட்டுக்குப் போகிறவர்களும் மருத்துவமனைக்குத் துப்புரவு வேலைக்குப் போகிறவர்களும். மேல்தளத்து மூக்குக்காக அவர்கள் தெருவில் நின்றார்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்யாண வீட்டில் பந்திக்கு இலை எண்ணிப் போட்டுவிட்டு, சமைத்தவர்கள் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவார்கள் என்று யோசிக்காமல் விடுவது போல, டெப்போ ஆட்களின் அறைகளைக் கடைசியாக வரைந்தேன். ஓட்டுநர், நடத்துநர் ஓய்வறை டயர் ரூமுக்கு மேலே, ஜன்னல் இல்லாமல். நைட் ஹால்ட் ஆட்கள் படுப்பதும் அங்கேதான். பெண் நடத்துநர்களுக்குக் கழிப்பறை இருக்கிறது. ஆனால் அங்கே போக வண்டிகளின் அடிப்பாகத்தைப் பழுது பார்க்கும் பிட் ஓரமாக, எண்ணெய்த் தரையில் நடக்க வேண்டும். மேல்தளக் கழிப்பறைகளின் குழாய்கள் பணிமனைக் கூரைக்கு அடியில் ஓடுகின்றன, ஒரு முறை கசிந்தது கேஷ் கவுண்டர் மேல். பத்திரிகைகளில் படம் வந்த மாடித் தோட்டத்துக்குக் கீழிருந்து படிக்கட்டு கிடையாது.

சி-7-க்கு வருகிறேன். வளாகம் திறந்த கொஞ்ச காலத்திலேயே அந்தத் தூணைச் சுற்றி இரும்பு ஆங்கிள் அடித்தார்கள். மஞ்சளும் கறுப்பும் பூசினார்கள். அப்புறம் பழைய டயர்களைக் கட்டினார்கள். அந்தத் தூணின் வலிமைக்கு ஒன்றும் ஆகாது. பேருந்துகளின் வலது பின்மூலைதான் நசுங்கிக்கொண்டிருந்தது. டெப்போவில் அடி பட்ட வண்டிக்கு யாராவது பொறுப்பேற்றாக வேண்டும். ஓட்டுநருக்கு மெமோ போகும்.

ஓர் ஓட்டுநர் மெமோவுக்கு எழுதிய விளக்கத்தில் மற்றவர்கள் எழுதாத ஒன்றை எழுதிவிட்டார். "தூண் இருக்கும் இடம் சரியில்லை, எப்படி வளைத்தாலும் இடிக்கிறது" என்று. அந்த வரியால் கோப்பு என்னிடம் வந்தது. தூணின் இடம் விதிமுறைக்கு உட்பட்டதா என்று கேட்டு எங்கள் அலுவலகத்துக்குக் கடிதம். கூடவே அவருடைய விளக்கத்தின் நகலும். ரூல்டு தாளில், கையால் எழுதியது. கீழே ஒரு சின்னப் படம்கூடப் போட்டிருந்தார். வண்டிக்கு ஒரு நீள்சதுரம், தூணுக்கு ஒரு வட்டம், வால் போகும் வழிக்கு ஒரு வளைகோடு. எங்கள் கணினி முதலில் காட்டிய கோடும் அவர் போட்டிருந்த கோடும் ஒன்று.

என் பதில் இப்படி முடிந்தது: அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின்படியும் வாகனத் திருப்ப ஆய்வின்படியும் தூணின் இடம் சரியானதே, உரிய கவனத்துடன் இயக்கினால் வாகனம் தடையின்றித் திரும்பும். பச்சைக் கோடு போட்ட அந்தத் தாளைப் பின்னால் இணைத்தேன்.

கவனம் பற்றி எழுத வேண்டிய அவசியமே இல்லை. விதிமுறைக்கு உட்பட்டது என்று நிறுத்தியிருக்கலாம். என் பக்கம் சந்தேகம் திரும்பாமல் இருக்க அவர் பக்கம் விரல் காட்டினேன். அவருடைய ஆண்டு ஊதிய உயர்வை நிறுத்திவைத்தார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அரசுப் பணியில் ஒரு முறை நின்ற உயர்வு, ஓய்வூதியக் கணக்கு வரைக்கும் கூடவே நடந்து வரக்கூடியது.

ஏன் இப்படிச் செய்தேன் என்று பலமுறை எனக்கு நானே வாதாடியிருக்கிறேன். காசுக்காக என்று சொல்ல முடியாது. என் கட்டணம் கட்டுமானச் செலவில் விழுக்காடு, முழு டிரான்ஸ்ஃபர் போட்டிருந்தால் எனக்குக் கூடத்தான் கிடைத்திருக்கும். கூட்டங்களில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதில் கொஞ்சம் காரணம் இருக்கிறது. வாடகைக் கணக்குப் போட்டவர் ஒவ்வொரு கூட்டத்திலும் மேசையின் தலைமாட்டில் இருந்தார். ஃபோர்மேன் கூப்பிட்டபோது மட்டும் வந்தார், கூப்பிடாதபோது வரவில்லை. ஹாங்காங்கில் 1979-இல் மெட்ரோ ஓடத் தொடங்கியபோதே கவுலூன் பே பணிமனைக்கு மேல் குடியிருப்பு வந்துகொண்டிருந்தது. டெல்ஃபோர்ட் கார்டன்ஸ், 41 கட்டடங்கள், ஏறக்குறைய 5,000 வீடுகள். அங்கே ரயில் ஓட்டும் நிறுவனமே மேலே எழும் கட்டடத்திலும் பங்காளி. கீழே ரயில் தடுமாறினால் நட்டம் அதே கணக்குப் புத்தகத்தில் விழும். என் வளாகத்தில் மேலே லாபம் பார்ப்பவர் வேறு, கீழே வண்டி ஓட்டுபவர் வேறு. நடுவில் இருந்து இருவருக்கும் பேசியிருக்க வேண்டியவன் நான். நான் ஒருவருக்கு மட்டும் பேசினேன்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. சென்னையில் வடபழனி, திருவான்மியூர், மந்தைவெளி என்று பணிமனையும் பேருந்து நிலையமும் இருக்கும் இடங்களில் பல மாடி வளாகங்களுக்கான திட்டங்கள் அறிவிக்கப்பட்டிருக்கின்றன. மற்ற நகரங்களும் இதே வழியில் போகின்றன. அவற்றை வரைகிற இளைஞர்கள் என் பேச்சைக் கேட்டவர்களாகக்கூட இருக்கலாம். அவர்களுக்கு வாத்தியார் தோரணையில் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் சில விஷயங்களைச் சொல்லாமல் விட்டால் அது இன்னொரு மறைப்பு.

பேருந்தை முதலில் ஓட்டுங்கள். வெற்றுத் தரையில், தூணே இல்லாமல், வண்டி வாசலில் நுழைந்து டீசல், கழுவுதல், நிறுத்தம், மறுநாள் வெளியேற்றம் என்று ஒரு முழு இரவு போகும் பாதைகளை வரையுங்கள். அந்தப் பாதைகள் மிதிக்காத இடத்தில் மட்டும் தூணை வையுங்கள். மேல்தளக் கட்டம் அதற்கு ஒத்துவரவில்லை என்றால் டிரான்ஸ்ஃபர் செலவைக் கணக்கில் வெளிப்படையாகக் காட்டுங்கள். அந்தச் செலவைத் தாங்காத திட்டம் லாபமான திட்டமே அல்ல. அந்த நட்டத்தை ஓட்டுநர் தலையில் எழுதித்தான் அதை லாபம் என்று காட்ட முடியும்.

மின்சாரப் பேருந்து வருகிறதே, இனிப் புகைக் கவலை இல்லை என்பார்கள். 2025 ஜூன் இறுதியில் சென்னை வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. வில்கஸ் சொன்ன வரிசை நம் ஊருக்கும் வந்துகொண்டிருக்கிறது, மகிழ்ச்சிதான். ஆனால் புகை போகும் வாசலில் வேறு கேள்விகள் வந்து நிற்கும். பேட்டரியைக் கூரையில் சுமக்கும் வண்டி சாதாரண வண்டியைவிட உயரம். சார்ஜருக்கும் கேபிளுக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் இடம் வேண்டும். பேட்டரியில் தீப்பிடித்தால் டீசல் தீ போல அடங்காது, அணைத்தபின்னும் மறுபடி பற்றும். தலைக்குமேல் ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்து வேலை செய்யும் கட்டடத்தில் அதற்கு என்ன ஏற்பாடு என்று பணிமனை ஆட்களையும் தீயணைப்புத் துறையையும் முதல் கூட்டத்திலேயே உட்காரவைத்துக் கேளுங்கள். சராசரியில் கணக்குப் போடாதீர்கள். காலை 4 மணிக்குப் போடுங்கள்.

என் பக்கத்துக்கு, போன மாதம் அந்தப் பழைய கடிதத்தைத் திரும்பப் பெறுவதாக எழுதி அனுப்பினேன். திருப்ப ஆய்வில் நான் மாற்றிய ஒவ்வோர் அளவையும் வரிசையாகக் குறிப்பிட்டேன். கண்ணாடியோடு, சாதாரண வேகத்தில் ஓட்டிய ஆய்வை இணைத்தேன். அதில் கோடு சிவப்பு. ஓட்டுநரின் விளக்கம் சரி என்று எழுதினேன். சி-7-ஐ எடுக்க முடியாது, அது மொத்தக் கட்டடத்தின் சுமையில் பங்கு தாங்குகிறது. ஆனால் எதிர்வரிசையில் இரண்டு வண்டி நிற்கும் இடத்தைக் காலியாக விட்டால் வளைவு விரிந்துவிடும், வண்டிகள் அகலமாகச் சுற்றி வரலாம், தூண் பக்கமே போக வேண்டாம். வெள்ளைக் கோடு போடும் செலவுதான். இதையும் வரைந்து அனுப்பியிருக்கிறேன்.

இந்த யோசனை இப்போது உதித்தது என்று நினைத்துவிடாதீர்கள். டெண்டருக்கு வரையும்போதே இது என் மேசையில் இருந்தது. இரண்டு வண்டி குறைந்தால் நிபந்தனை மீறல், வேலை கைவிட்டுப் போய்விடும் என்று அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். போட்டிக்கு வந்த மற்றவர்களில் இருவர், வண்டிகளின் எண்ணிக்கை குறையும் என்று நேர்மையாக எழுதியிருந்தார்கள். தொழில்நுட்ப மதிப்பெண்ணில் அவர்கள் எனக்குக் கீழே வந்தார்கள்.